எகிப்தியச் சித்திர எழுத்து யூனிகோடில் எப்படி உட்காருகிறது: ‘ஹோதெப்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஒரு விளக்கம்

எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்று உண்டு: ஹோதெப். படையல் என்றும் பொருள், அமைதி, நிறைவு என்றும் பொருள். அமென்ஹோதெப் என்ற அரசர் பெயரின் பிற்பாதி இதுதான். எழுத மூன்று குறிகள் போதும். மேலே அகலமாக, பாயின்மேல் வைத்த ரொட்டி. அதன் கீழே இடப்பக்கம், அரைவட்டமாக ஒரு சின்ன ரொட்டி. அதற்குப் பக்கத்தில் கோரையால் செய்த சதுர இருக்கை. மூன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரத்துக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கும்.

முதல் குறி மட்டுமே முழுச் சொல்லையும் சொல்லிவிடும். கீழே உள்ள இரண்டும் ‘த்’, ‘ப்’ என்ற கடைசி இரண்டு மெய்களை மறுபடி நினைவூட்டுகின்றன. வாசிப்பவர் தடுமாறாமல் இருக்க எழுத்தர் வைத்த ஊன்றுகோல். உயிரொலிகளை எகிப்தியர் எழுதவில்லை. ‘ஹோதெப்’ என்று நாம் உச்சரிப்பதில் உள்ள உயிர்கள் பிற்காலத்தவர் வைத்துக்கொண்டவை.

இந்தச் சதுரத்தைக் கணினியில் எப்படிச் சேமிப்பது? படமாக வைக்கலாம். ஆனால் படத்துக்குள் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது, அகராதியில் வரிசைப்படுத்த முடியாது. எழுத்தாகச் சேமிக்க வேண்டுமென்றால் மூன்று கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். இது எந்தக் குறி? சதுரத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது? எப்படி வரையப்பட்டிருக்கிறது? புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலப்பதால் வருபவை.

எந்தக் குறி?

முதல் கேள்விக்கான அடித்தளம் கணினிக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. ஆலன் கார்டினர் என்ற ஆங்கிலேய எகிப்தியல் அறிஞர் 1927இல் வெளியிட்ட இலக்கண நூலின் பின்பகுதியில் குறிகளை வகைப்படுத்தி எண் கொடுத்தார். ஆண்கள் ஏ வகை, பெண்கள் பி, தெய்வங்கள் சி, மனித உடலுறுப்புகள் டி, பறவைகள் ஜி, மீன்கள் கே, செடிகொடிகள் எம், வானமும் நிலமும் நீரும் என், கட்டடங்கள் ஓ, கயிறும் கூடையும் வி. ஆங்கில எழுத்துகளில் ஜே மட்டும் விடுபட்டது. எதிலும் அடங்காதவற்றுக்கு ஏஏ என்று ஒரு வகை. ஆக மொத்தம் 26. ஆந்தை ஜி17, உட்கார்ந்த மனிதன் ஏ1, நீரலை என்35. நம் சொல்லின் மூன்று குறிகள் ஆர்4, எக்ஸ்1, க்யூ3.

இந்த எண் நூலகத்தில் புத்தகம் இருக்கும் அலமாரி எண்ணைப் போன்றது. படம் எதைக் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் வகை. சொல்லில் அது என்ன வேலை செய்கிறது என்பது வேறு. ஆந்தை ‘ம்’ என்ற ஒலிக்கு வரும், வரும் இடமெல்லாம் பறவையைப் பற்றிய பேச்சு இருக்காது. வீட்டைக் காட்டும் ஓ1 குறி ஓரிடத்தில் ‘வீடு’, இன்னோரிடத்தில் ‘ப்-ர்’ என்ற வெறும் ஒலி. இரண்டுக்கும் ஒரே எண்தான். குறியேற்றம், அதாவது குறிகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறை, பொருளைச் சேமிப்பதில்லை.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான எண் கொடுக்கும் தரம் யூனிகோட். அதன் 5.2 பதிப்பு 2009 அக்டோபரில் வந்தபோது எகிப்தியக் குறிகள் 1071 உள்ளே வந்தன. மைக்கேல் எவர்சனும் பாப் ரிச்மண்டும் முன்வைத்த திட்டம் அது. கார்டினர் பட்டியலையும் அவரே பின்னர் சேர்த்த இணைப்புகளையும் ஒட்டியது. பதினாறடிமானத்தில் (0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரையும் இலக்கமாகக் கொள்ளும் எண்முறை) 13000 என்ற இடத்தில் உட்கார்ந்த மனிதனோடு தொடங்குகிறது. ஒதுக்கிய இடங்கள் 1072. கடைசி ஒன்று மட்டும் காலியாக இருந்தது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில் வி11 குடும்பத்துக் குறி ஒன்று அங்கே குடியேறியதும் அந்தத் தொகுதி நிரம்பிவிட்டது.

இதற்குள் ஒரு கடினமான முடிவு ஒளிந்திருக்கிறது: எது தனிக் குறி, எது ஒரே குறியின் வேறு கை எழுத்து? தமிழர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். 1978 அரசாணைக்கு முன் அச்சான புத்தகங்களில் ‘லை’, ‘ணை’ ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த வடிவம் இருக்கும். இன்றைய வடிவம் வேறு. ஆனால் யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண்கள்தான். எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்கிறது. அதே போல ஆந்தையின் இறகில் எத்தனை கோடு போட்டார் சிற்பி என்பது எழுத்துருவின் விஷயம். உட்கார்ந்த மனிதன் கையை வாய்க்குக் கொண்டுபோனால் மட்டும் கதை மாறிவிடுகிறது. அது ஏ2: உண்பது, பேசுவது, நினைப்பது தொடர்பான சொற்களின் இறுதியில் வரும். கை அசைவு பொருளை மாற்றுகிறது, எனவே தனி எண். இறகுக் கோடு பொருளை மாற்றவில்லை, எனவே எண் இல்லை.

எல்லா இடத்திலும் எல்லை இவ்வளவு தெளிவாக இருக்காது. கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்தில் எட்ஃபு, தெந்தேரா, எஸ்னா கோயில்களின் பூசாரிகள் குறிகளைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ஒரே தெய்வம் கையில் பிடித்திருக்கும் பொருள் மாறினால் புதுக் குறி, முடி மாறினால் இன்னொன்று. கார்டினரின் பட்டியலோ அதற்கு வெகு முந்திய இடைக்கால எகிப்திய மொழிக்கானது. அதனால் கோயில் கல்வெட்டுகளைப் பதிக்கப் போனவர்களுக்கு 1071 குறிகள் பாதி வழியிலேயே தீர்ந்துபோயின. 2024 செப்டம்பரில் வந்த 16ஆம் பதிப்புதான் இந்தப் பசியை ஓரளவு ஆற்றியது: ஒரே வீச்சில் 3995 புதிய குறிகள். பழையதோடு சேர்த்தால் 5067. புதியவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்களில் கார்டினர் எண் கிடையாது. இட எண்ணையே பெயராகக் கொடுத்துவிட்டார்கள். குறியின் வருணனை, அது எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதையெல்லாம் யூனிகெமெட் என்ற தனித் தரவுக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். பெயரில் வகை எண்ணைப் பொறித்துவிட்டு, பிறகு அது தவறு என்று தெரிந்தால் மாற்ற முடியாது. யூனிகோட் ஒரு முறை வைத்த பெயரை மாற்றுவதில்லை. எனவே இது சரியான முடிவு.

எங்கே இருக்கிறது?

கணினி எழுத்தை ஒரு நூலில் கோத்த மணிகளாகத்தான் பார்க்கும்: ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கல்லிலோ குறிகள் ஒன்றன்மேல் ஒன்று, ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று, ஒன்றின் முதுகுக்குமேல் ஒன்று என்று அமர்கின்றன. ஹோதெப்பை ஆர்4, எக்ஸ்1, க்யூ3 என்று வரிசையாக எழுதினால் குறிகள் சரி, வாசிக்கவும் முடியும். ஆனால் எந்த எகிப்திய எழுத்தரும் அப்படி எழுத மாட்டார். எழுத்தைச் சதுரங்களாக அடுக்குவது அந்த எழுத்துமுறையின் உயிர்நாடி.

யூனிகோடுக்கு வெகு முன்பே எகிப்தியல் அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மானுவெல் த கொடாஜ் என்ற பெயரில் 1988இல் பாரிஸில் வெளியான கையேடு அது. சாதாரண விசைப்பலகையில் உள்ள மூன்றே குறியீடுகள். சிறு கோடு (-) என்றால் அடுத்த சதுரத்துக்குப் போ. முக்காற்புள்ளி (:) என்றால் கீழே வை. உடுக்குறி (*) என்றால் பக்கத்தில் வை. இவற்றில் உடுக்குறிக்குத்தான் பிடிப்பு அதிகம், அடுத்து முக்காற்புள்ளி, கடைசியில் சிறு கோடு; கணக்கில் பெருக்கலைக் கூட்டலுக்கு முன் செய்வது போல. ஹோதெப் இப்படி வரும்:

ஆர்4:எக்ஸ்1*க்யூ3

முதலில் எக்ஸ்1ஐயும் க்யூ3ஐயும் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொள். பிறகு அந்த ஜோடியை ஆர்4இன் கீழ் வை. (நிஜத்தில் வகைப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) எண்ணுக்குப் பதிலாக ஒலியையும் தட்டலாம். அங்கே பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்: சிறிய எச் ஓர் ஒலி, பெரிய எச் வேறொரு ஒலி. ஹோதெப்பின் முதல் மெய் பெரிய எச். இதைத் தவறவிடுவது முதல் நாள் எல்லோரும் செய்யும் பிழை.

ஜேசெஷ் என்ற இலவச மென்பொருள் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. இன்றும் கற்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு குறைதான்: இந்தச் சரம் (தொடர்ந்து கோத்த எழுத்து வரிசை) வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும். அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இல்லாத இடத்தில் அது எகிப்திய எழுத்தே அல்ல.

எனவே இதே கருத்து யூனிகோடுக்குள் வந்தது. 2019 மார்ச்சில் வெளியான 12ஆம் பதிப்பில் ஒன்பது கட்டுப்பாட்டுக் குறிகள் சேர்ந்தன. (தமிழின் முந்திரி, காணி முதலான பின்னக் குறியீடுகள் யூனிகோடுக்குள் வந்ததும் இதே பதிப்பில்தான்.) 13430 என்றால் கீழே இணை. 13431 என்றால் பக்கத்தில் இணை. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தால் புதுச் சதுரம் தொடங்குகிறது என்று பொருள். கையேட்டின் சிறு கோட்டுக்கு வேலை இல்லை. ஹோதெப் இப்போது ஐந்து எழுத்துகளாகிறது: ஆர்4, கீழே இணை, எக்ஸ்1, பக்கத்தில் இணை, க்யூ3. வலைப்பக்கத்தில் பத்தடிமான எண்ணில் எழுதினால்:

𓊵𓐰𓏏𓐱𓊪

இந்த இணைப்பான்கள் நமக்குப் புதிதல்ல. ‘கொ’ என்று தட்டினால் கணினி சேமிப்பது க-வும் அதற்குப் பின் ஓர் உயிர்க்குறியும், ஆக இரண்டு எழுத்து. திரையில் கொம்பு முன்னால் போய், கால் பின்னால் நின்று, நடுவே க தெரிகிறது. சேமித்த வரிசையை வேறு வடிவில் அடுக்கிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எகிப்திய எழுத்திலும் அப்படித்தான், அடுக்கு மட்டும் மிகப் பெரியது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு. தமிழில் நாம் ஒலி வரிசையில் சேமிக்கிறோம். கொம்பு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் பின்னால்தான் நிற்கும். எகிப்தியத்தில் எழுதிய வரிசையே சேமிப்பு வரிசை. துத்தன்காமுன் என்ற பெயரில் அமுன் என்ற தெய்வத்தின் பெயர் கடைசியில் ஒலிக்கும், ஆனால் மரியாதை கருதி எழுத்தில் முதலில் வைப்பார்கள். குறியேற்றத்திலும் அமுன் முதலில்தான் வரும்.

மேல், கீழ், பக்கம் போதாத இடங்கள் உண்டு. ‘என்றென்றும்’ என்று பொருள்படும் ஜெத் என்ற சொல்லில் நாகத்தின் தலைக்குக் கீழே, முன்பக்கம் வெற்றிடம் இருக்கிறது. அங்கே சின்ன ரொட்டியும் அதன் கீழ் நிலத்தைக் காட்டும் தட்டைக் குறியும் செருகப்படும். இதற்கு மூலைச் செருகல்கள் உள்ளன: 13432 மேல்-முன், 13433 கீழ்-முன், 13434 மேல்-பின், 13435 கீழ்-பின். முன் என்றால் வரி தொடங்கும் பக்கம். ஜெத்துக்கு நாகம், பிறகு 13433, பிறகு செருக வேண்டியவை. ஆனால் செருகப்படுவது ஒரு குறி அல்ல, ஒன்றன்கீழ் ஒன்றான இரண்டு. செருகலுக்குப் பிடிப்பு அதிகம். வெறுமனே எழுதினால் ரொட்டி மட்டும் மூலைக்குள் போய், நிலக்குறி நாகத்துக்கே அடியில் விழுந்துவிடும். அதனால் இரண்டையும் 13437, 13438 என்ற அடைப்புகளுக்குள் வைக்க வேண்டும். கணக்கில் அடைப்புக்குறி செய்யும் அதே வேலை. ஒன்பதில் மீதமுள்ள 13436 ஒரு குறியின்மேல் இன்னொன்றைப் படியவைப்பது.

2022இல் வந்த 15ஆம் பதிப்பு கல்வெட்டுப் பதிப்பாளர்களுக்குத் தேவையான மற்றவற்றைக் கொண்டுவந்தது. அரசர் பெயரைச் சுற்றும் கார்ட்டூஷ் வளையத்துக்கு இப்போது முனைக்குறி, தொடக்கக் கட்டுப்பாடு, பெயர், முடிவுக் கட்டுப்பாடு, மறுமுனைக்குறி என்று எழுதினால் எழுத்துரு இடையில் கோட்டை இழுத்துக்கொள்ளும். பார்வை திரும்பியிருக்கும் குறிக்கு 13440. முழுதும் சிதைந்துபோன குறிக்கு அளவுக்கேற்ப நான்கு நிரப்பிகள். பாதி சிதைந்த குறிக்கோ அழகான ஏற்பாடு: குறியின் சதுரத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, எவை சிதைந்தன என்று சொல்ல 15 குறிகள், பதினாறடிமானத்தில் 13447 முதல் 13455 வரை. நான்கு பகுதிகளில் ஒன்றாவது சிதைந்திருக்கும் எல்லாச் சேர்க்கைகளும் சேர்ந்தால் சரியாக 15தான். உடைந்த கல்லை முழுமையானது போல் காட்டாமல், உடைந்தபடியே எழுத்தில் பதிவு செய்ய முடிகிறது. வாசிப்பவருக்கு எது சான்று, எது ஊகம் என்று தெரிய வேண்டும். அதனால் இது அலங்காரம் அல்ல, அடிப்படை நேர்மை.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. எகிப்தியர் பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள். இடமிருந்து வலமும் உண்டு, மேலிருந்து கீழும் உண்டு. மனிதர்களும் விலங்குகளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். யூனிகோடில் இக்குறிகளின் இயல்புத் திசை இடமிருந்து வலம், அறிஞர்களின் அச்சு வழக்கத்தைப் பின்பற்றி. எனவே திரையில் உள்ள எல்லா உருவங்களும் இடப்பக்கம் பார்க்கும். சுவரில் வலப்பக்கம் பார்த்தவற்றை நகலெடுக்கும்போது திசையைத் திருப்பிக்கொண்டுதான் பதிக்கிறீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

பிழைகள் எங்கே வருகின்றன

முதல் வகை, தவறான குறியைத் தேர்வது. வட்டமாக இருப்பதெல்லாம் சூரியன் அல்ல. நடுவில் புள்ளி உள்ள வட்டம் என்5, சூரியன். உள்ளே கிடைக்கோடுகள் இருந்தால் ஏஏ1. உள்ளே குறுக்குச் சாலைகள் போலிருந்தால் ஓ49, ஊர். வெறும் வட்டம் கண்மணியாகவும் இருக்கலாம், மணல் துகளாகவும் இருக்கலாம். கூடை வி30க்கும் கைப்பிடி வைத்த கூடை வி31க்கும் ஒலியே வேறு. ஜி1 கழுகும் ஜி4 பருந்தும் சின்ன எழுத்தில் ஒன்று போலவே தெரியும். படத்தைப் பார்த்து மட்டும் தேர்ந்தால் தவறும். சொல்லின் ஒலியோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தேர்வதே பாதுகாப்பு.

இரண்டாவது, எழுத்துரு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் குறி உங்கள் எழுத்துருவில் இல்லை என்று பொருள். விண்டோஸில் சீகோ யுஐ ஹிஸ்டாரிக், மற்ற இடங்களில் நோட்டோ சான்ஸ் ஈஜிப்ஷியன் ஹைரோகிளிஃப்ஸ் உள்ளன. குறிகள் தெரிந்து, அடுக்கு மட்டும் வராமல் வரிசையாக நின்றாலோ, இடையிடையே சிறு அடையாளங்கள் தெரிந்தாலோ, எழுத்துருவுக்கு இணைப்பான்களை அடுக்கத் தெரியவில்லை. 2019க்கு முந்திய எழுத்துருக்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. உங்கள் பதிவில் பிழை இல்லாதபோது சரத்தைத் திருத்தப் போகாதீர்கள்.

மூன்றாவது, தமிழ்த் தளம் நடத்துபவர்களைக் குறிப்பாகத் தாக்கும் ஒன்று. யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்துக்கு மூன்று பைட்டுகள்: 224, 174, 133. ஆந்தைக்கு நான்கு: 240, 147, 133, 147. எல்லா எகிப்தியக் குறிகளுக்கும் நான்குதான், இணைப்பான்களுக்கும் அப்படியே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பழைய ‘யுடிஎஃப்8’ அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. பல ஆண்டுகள் தமிழை ஒரு குறையும் இல்லாமல் சேமித்த அதே தளத்தில் ஓர் ஆந்தையை ஒட்டினால், ஒன்று பிழைச் செய்தி வரும், அல்லது அந்த இடத்தோடு கட்டுரை வெட்டுப்பட்டு மீதி காணாமல் போகும். அட்டவணையை ‘யுடிஎஃப்8எம்பி4’ அமைப்புக்கு மாற்ற வேண்டும். இணைப்பின் அமைப்பையும் மாற்ற மறக்கக் கூடாது.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுத்தின் நீளம் கேட்டால் ஓர் ஆந்தைக்கு 2 என்று வரும், பைத்தானில் 1 என்று வரும். முதலாவது 16 பிட் துண்டுகளை எண்ணுகிறது, ஒவ்வொரு குறியும் இரண்டு துண்டு. அங்கே ‘முதல் 50 எழுத்து’ என்று வெட்டினால் ஒரு குறி நடுவில் பிளந்து குப்பைக் குறி வரலாம்.

தேடலும் சறுக்கும். ஹோதெப்பை ஒருவர் இணைப்பான்களோடு பதிந்திருப்பார், இன்னொருவர் மூன்று குறிகளையும் வரிசையாகப் பதிந்திருப்பார், மூன்றாமவரின் கல்லில் அடுக்கே வேறாக இருந்திருக்கும். சொல் ஒன்று, சரங்கள் மூன்று. தேடுவதற்கு முன் இரு பக்கமும் 13430 முதல் 1343எஃப் வரையுள்ள கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டு ஒப்பிடுவதே நடைமுறை வழி. தேடலுக்காகத் தனி நகல் வைத்துக்கொண்டு, மூலப் பதிவை அடுக்கோடு அப்படியே விடுங்கள்.

முயன்று பார்க்க எளிய வழி: மைக்ரோசாஃப்ட் வேர்டில் 13153 என்று தட்டிவிட்டு ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்தினால் ஆந்தை வரும். அடுத்து, மேலே கொடுத்த ஐந்து எண்களை ஒரு வலைப்பக்கத்தில் ஒட்டி, உங்கள் தளத்தில் சேமித்து, திரும்ப எடுத்து எண்ணிப் பாருங்கள். 5 எழுத்து, 20 பைட்டு, ஜாவாஸ்கிரிப்டில் நீளம் 10 என்று வந்தால் சேமிப்பு சரி. அதற்குப் பிறகும் அடுக்கு வரவில்லையென்றால் எழுத்துருவை மாற்றுங்கள். 3 எழுத்து, 12 பைட்டு என்று வந்தால் வழியில் ஏதோ ஒரு வடிகட்டி இணைப்பான்களைக் களைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கும் பழக்கமுள்ள உள்ளீட்டுப் பெட்டிகளில் இது நடக்கும். வெறும் கேள்விக்குறிகள் வந்தால் தரவு சேமிக்கும்போதே அழிந்துவிட்டது. எழுத்துரு எதுவும் அதை மீட்காது, அமைப்பை மாற்றிவிட்டு மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.